கோட்டுப் பைக்குள் காமிராவை அடக்கிய பட்டறைத் தொழிலாளி

பந்து வலைக்குள் பாய்கிறது. காலரியில் இருந்த கூட்டம் ஒரே ஆளாக எழுந்து நிற்கிறது. கைதட்டல், விசில், கூச்சல்! அடுத்த நொடியில் எல்லாம் முடிந்து விடுகிறது. பந்து மறுபடியும் நடுக்கோட்டுக்குப் போய்விடுகிறது.

அந்த நொடி எங்கே போயிற்று?

முன்காலத்தில் அது பார்த்தவர்களின் கண்ணோடு போயிற்று. வடசென்னையில் பழைய குத்துச்சண்டை ரசிகர்களிடம் கண்ணப்பர் திடல் சண்டைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி பதில் சொல்ல மாட்டார்கள். எழுந்து நிற்பார்கள். இடது கையை முகத்துக்கு முன்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் காற்றில் ஒரு குத்து விடுவார்கள். விழுந்தவன் எப்படி விழுந்தான் என்று தாங்களே சாய்ந்து காட்டுவார்கள். மனத்தில் இருப்பதை மற்றவருக்குக் காட்ட அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இன்று அந்தக் கஷ்டம் இல்லை. காசிமேட்டில் வலை இழுத்தவரும், திருவொற்றியூர் பட்டறையில் இரவு ஷிப்டு முடித்தவரும், எண்ணூரில் லாரிக்கு மரை முடுக்கியவரும், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு காலரியில் உட்காருகிறார்கள். பையில் இருந்து கையகலக் காமிராவையோ, காமிரா வைத்த போனையோ எடுக்கிறார்கள். ஒரு சொடுக்கு! அந்த நொடி அகப்பட்டுக் கொள்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் காட்டுகிறார்கள்.

காமிரா என்பது முக்காலி மேல் நிற்கும் பெட்டியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதைக் கோட்டுப் பைக்குள் போடலாம் என்று செய்து காட்டியவர் பெரிய படிப்பாளி அல்ல. கோடீசுவரரும் அல்ல. பட்டறையில் வேலை பழகி, இரும்பையும் பித்தளையையும் கடைந்து பிழைத்த தொழிலாளி. அதிலும் நோயாளி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் இழுப்பு நோய்க்காரர்.

அவர் பெயர் ஆஸ்கார் பர்னாக்.

ஓவியனாக ஆசைப்பட்ட சிறுவன்

ஜெர்மனியில், பெர்லின் நகருக்குத் தெற்கே லீனோ என்று ஒரு கிராமம். அங்கே 1879-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பர்னாக் பிறந்தார்.

சிறு வயதில் அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஓவியன் ஆக வேண்டும். காடு, மலை, வயல் இவற்றைப் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும். ஆனால், படம் தீட்டினால் சோறு கிடைக்குமா? எல்லாப் பெற்றோருக்கும் வரும் கவலை அவன் வீட்டிலும் வந்தது. கைத்தொழில் ஒன்று கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். பெர்லின் பக்கத்தில் நுட்பமான கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்த்து விட்டார்கள்.

அந்த நாட்டில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. தொழில் கற்று முடித்த இளைஞன் ஊர் ஊராகப் போவான். பட்டறை பட்டறையாக வேலை செய்வான். அப்படிப் பல கைகளின் பழக்கத்தைப் பார்த்த பிறகுதான் அவன் முழுத் தொழிலாளி. பர்னாக்கும் அப்படிச் சுற்றினார். கடைசியில் 1902-ம் ஆண்டு ஜேனா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்தது கார்ல் சைஸ் தொழிற்சாலை. கண்ணாடி வில்லைகளுக்கும் மைக்ராஸ்கோப்புகளுக்கும் உலகப் புகழ் பெற்ற இடம் அது. அங்கே எட்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார்.

மயிரிழை அளவு பிசகினாலும் அங்கே பொருள் குப்பைக்குப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் பழகிய கை அது.

மலையில் வாங்கிய மூச்சு

ஓவிய ஆசையை வீட்டில் தடுத்தார்கள் அல்லவா? அது சாகவில்லை. வேறு வழியாக வெளியே வந்தது. பர்னாக் போட்டோ எடுக்கத் தொடங்கினார்.

ஜேனாவைச் சுற்றி துரிங்கியக் காடுகள் இருக்கின்றன. மலையும் மரமுமான அழகான இடம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பர்னாக் காமிராவுடன் கிளம்பி விடுவார். ஆனால், அன்றைய காமிரா இன்றைய காமிரா அல்ல. அவரிடம் இருந்தது 13 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளில் படம் பிடிக்கும் பெட்டி. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிகளை வெளிச்சம் படாமல் வைக்கத் தனித்தனி மரக் கூடு. பெட்டியை நிறுத்த முக்காலி. தலையில் போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்கக் கறுப்புத் துணி. எல்லாவற்றையும் வைக்கப் பெரிய தோல்பை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் புத்தகச் சுமையே பெரும் சுமை என்கிறோம். இது அதைப் போலப் பல மடங்கு.

நல்ல உடம்புக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். இழுப்புக்காரர் என்ன செய்வார்?

பாதி மலையில் நிற்பார். நெஞ்சு விசில் போல் ஊதும். மூச்சு திரும்பும் வரை பாறையில் உட்கார்ந்திருப்பார். மேலே போய்ச் சேருவதற்குள் வெளிச்சம் போயிருக்கும்.

போட்டோவை விட்டுவிடலாம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பர்னாக் வேறு விதமாக நினைத்தார். சுமையைக் குறைத்தால் என்ன? படத்தைச் சிறிதாக எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் என்ன?

1905-ம் ஆண்டு வாக்கில் அவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே கண்ணாடித் தகட்டில் பதினைந்து இருபது சிறு படங்களைப் பதிய வைத்தார். அவற்றைப் பெரிதாக்கியபோது மனம் ஒடிந்து போனார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரவை கொட்டியது போல் புள்ளி புள்ளியாக இருந்தது. அன்றைய கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய மருந்து அவ்வளவு கரடு.

யோசனை நல்ல யோசனைதான். அதற்கேற்ற பொருள் இன்னும் வரவில்லை. அவர் காத்திருந்தார்.

சினிமாச் சுருளில் பிறந்த குழந்தை

ஜேனாவில் பர்னாக்குடன் வேலை பார்த்த நண்பர் எமில் மெக்காவ். சினிமா காட்டும் இயந்திரத்தில் பைத்தியமாக இருந்தவர். அவர் வெட்ஸ்லர் என்ற சிற்றூரில் இருந்த லைட்ஸ் தொழிற்சாலைக்கு மாறிப் போனார். போனவர் தம் முதலாளியிடம் பர்னாக்கின் கைத்திறனைப் பற்றிச் சொன்னார். 1911-ம் ஆண்டு ஜனவரியில் பர்னாக் அங்கே சோதனைப் பட்டறைக்குத் தலைமை மேஸ்திரியாக வந்து சேர்ந்தார்.

லைட்ஸ் தொழிற்சாலை காமிரா செய்யும் இடம் அல்ல. மைக்ராஸ்கோப்பு செய்யும் இடம். ஆனாலும் அங்கே சினிமாக் காற்று வீசிக் கொண்டிருந்தது. பர்னாக்கும் உலோகத்தால் ஒரு சினிமா காமிரா செய்தார். அதனால் அவர் கையில் சினிமா பிலிம் தாராளமாகப் புழங்கியது.

இரு பக்கமும் ஓட்டை போட்ட, 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் அது. சினிமாவில் ஒரு படத்தின் அளவு 18 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். பர்னாக் பிலிமை நெட்டுக்கு ஓட விடாமல் குறுக்கே ஓட விட்டார். இரண்டு சினிமாப் படங்களின் இடத்தில் ஒரு படம். 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர்! பெரிய தபால் தலை அளவுதான். ஆனால், இந்தத் தடவை பிலிம் மருந்து முன்னைவிட நயமாக இருந்தது. பெரிதாக்கினால் முகம் முகமாகவே வந்தது.

1914-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதல் காமிரா தயாராகி விட்டது. சிறிய உலோகக் கூடு. முன்னால் ஒரு லென்ஸ். அரைக் கிலோ எடைகூட இல்லை. குள்ளர்கள் வாழும் கதை நாட்டின் பெயரை வைத்து, பட்டறையில் அதற்கு லில்லிபுட் என்று செல்லப் பெயர்.

சினிமா பிலிமைச் சோதிக்கவே அதைச் செய்தார் என்பார் உண்டு. இல்லை, மலையில் மூச்சு வாங்கிய நாளில் இருந்தே அவர் மனத்தில் இருந்தது இதுதான் என்பாரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். சுருளின் நீளத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். பர்னாக் இரண்டு கைகளையும் விரித்தாராம். அதற்குள் அடங்கிய பிலிம் எவ்வளவோ, அதுவே ஒரு சுருள் என்று வைத்தாராம். கதையோ, நிஜமோ, ஒரு சுருளுக்கு 36 படம் என்ற கணக்கு உலகம் முழுவதும் நிலைத்து விட்டது. கலியாண வீடுகளில் போட்டோக்காரர் பிலிம் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த 36 இதுதான்.

அந்தக் காமிராவில் இன்னொரு தந்திரம் இருந்தது. பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தத் திருகும் திருகே ஷட்டரையும் தயார் செய்துவிடும். ஆகவே, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழாது. திருகு, அழுத்து, திருகு, அழுத்து. அவ்வளவுதான் வேலை. குதிரையோ மனிதனோ ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுறுசுறுப்பு எவ்வளவு முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

பேயாட்டம் ஆடிய நதி

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. வெட்ஸ்லர் கடைத் தெருவில் போர் அழைப்புச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. பர்னாக் தம் சிறு காமிராவால் அந்தக் காட்சியைப் பிடித்தார். கறுப்புத் துணி இல்லை. முக்காலி இல்லை. கூட்டத்தில் ஒருவராக நின்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதே ஆண்டு முதலாளியின் மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் இந்தக் காமிரா ஒன்றை அமெரிக்காவுக்கு எடுத்துப் போய் நியூயார்க் தெருக்களைப் படம் பிடித்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது. ஆனால், போர்க்காலத்தில் புதுக் காமிராவைப் பற்றி யார் நினைப்பார்கள்? லில்லிபுட் பெட்டிக்குள் தூங்கியது.

1920-ல் வெட்ஸ்லர் ஊரை ஒட்டி ஓடும் லான் நதி கரை புரண்டது. தெருவெல்லாம் தண்ணீர். பர்னாக் காமிராவுடன் இறங்கிவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்கள் எடுத்தார். மழைக் காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களைக் கண்டவர்களுக்கு அந்தப் படங்களில் ஆச்சரியப்பட எதுவும் இராது. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் ஆச்சரியப்பட்டார்கள். பெட்டிக் காமிராவை வைத்துக்கொண்டு அவ்வளவு சடுதியில் அத்தனை படம் யாராலும் எடுத்திருக்க முடியாது.

நானூறு பேர் சொன்னாலும்...

அந்த ஆண்டே பெரிய முதலாளி காலமானார். மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் பொறுப்புக்கு வந்தார். அவர் தலைமேல் விழுந்தது சாதாரணப் பாரம் அல்ல.

போரில் தோற்ற ஜெர்மனியில் பணம் காகிதமாகி விட்டிருந்தது. 1923-ல் ஒரு ரொட்டி வாங்க ஆயிரக்கணக்கான கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் செல்லாது. மைக்ராஸ்கோப்பு வாங்க ஆள் இல்லை. பட்டறையில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிய வேண்டும். புதிதாக ஏதாவது செய்து விற்றால்தான் வேலை இருக்கும்.

பர்னாக்கின் காமிராவையே செய்யலாமா? இருபதுக்குச் சற்று மேற்பட்ட காமிராக்களைச் சோதனைக்காகச் செய்தார்கள். படத் தொழிலில் பழுத்தவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள்.

சிலர் பாராட்டினார்கள். பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். தபால் தலை அளவில் படமா? இது விளையாட்டுச் சாமான் அல்லவா? பெரிய பெட்டியுடன் வந்து நிற்பவரைத்தானே ஜனங்கள் போட்டோக்காரர் என்று மதிப்பார்கள்? குறைகளும் இல்லாமல் இல்லை. பிலிமைத் திருகும்போது லென்சை மூடி போட்டு மூட வேண்டியிருந்தது. மறந்தால் படம் கெட்டது.

1924-ம் ஆண்டு ஜூன் மாதம். தொழிற்சாலையில் கூட்டம் கூடியது. நெடுநேரம் பேச்சு நடந்தது. வேண்டாம் என்பவர்களின் வாதம் பலமாகவே இருந்தது. காசு போய்விட்டால் தொழிற்சாலையே போய்விடும். கடைசியில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் எழுந்தார். நானூறு பேர் வேண்டாம் என்றாலும் அவர் மனம் மாறியிராது போலும்! துணிந்து இறங்குவது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பட்டறை மேஸ்திரி பர்னாக் மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்த நாளில் இருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாக்ஸ் பெரக் என்ற கணித நிபுணர் காமிராவுக்கு லென்ஸ் அமைத்துக் கொடுத்தார். இதைச் சிறு விஷயமாக நினைக்கக் கூடாது. தபால் தலை அளவுப் படத்தைப் பலகை அளவுக்குப் பெரிதாக்கும்போது லென்சின் சிறு குற்றமும் பெரும் குற்றமாகத் தெரியும். பெரக்கின் லென்ஸ் அந்தப் பரீட்சையில் தேறியது. மூடி போடும் தொல்லையையும் பர்னாக் ஒழித்தார். 1925-ம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் காமிரா விற்பனைக்கு வந்தது. லைட்ஸ் என்ற பெயரின் தலையையும் காமிரா என்ற சொல்லின் தலையையும் சேர்த்து லைக்கா என்று பெயர் வைத்தார்கள்.

முதல் ஆண்டில் செய்தது ஆயிரம் அளவில்தான். அப்புறம் ஓட்டம் பிடித்தது. 1930-ல் லென்சைக் கழற்றி மாட்டும் லைக்கா வந்தது. 1932-ல் தூரம் அளக்கும் கருவி காமிராவுக்குள்ளேயே வந்தது.

காலரியில் இருந்து படம்

பர்னாக் பந்தயப் படக்காரர் அல்ல. ஆனால், அவர் செய்த பொருள் பந்தய மைதானத்துக்காகவே செய்தது போல் அமைந்துவிட்டது.

பத்திரிகைக்காரர்களின் பழைய பெட்டிக் காமிராக்களிலும் வேகமான ஷட்டர் இருந்தது. அதை மறுக்கக் கூடாது. குறை வேகத்தில் இல்லை, பளுவில் இருந்தது. ஒரு படம் எடுத்ததும் தகட்டை மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் ஓட்டப் பந்தயம் முடிந்து, வென்றவன் மாலையும் போட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு காலரியில் உட்காரவும் முடியாது. பின்னால் இருப்பவர் சும்மா விடுவாரா? ஆகவே, படம் எடுப்பது மைதானத்தின் ஓரத்தில் நிற்க அனுமதி பெற்ற சிலரின் காரியமாக இருந்தது. டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்கு அதில் பங்கு இல்லை.

லைக்கா வந்ததும் அந்த வேலி சாய்ந்தது. முழங்காலில் முழங்கையை ஊன்றி, கண்ணுக்கு அருகில் பிடித்தால் போதும். முதல் லைக்காவிலேயே நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகம் உண்டு. அது எவ்வளவு வேகம்? ஓட்டக்காரர் ஒருவர் நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறார் என்று வையுங்கள். நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் அவர் 40 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். படத்தில் ஆளே இருக்க மாட்டார், புகைதான் இருக்கும். 500-ல் ஒரு பங்கில் அவர் நகர்வது 2 சென்டிமீட்டர்தான். கால் நரம்பும் தெரியும்.

ஆனால், தூரம் என்று ஒரு சத்துரு இருக்கிறது. லைக்காவின் சாதாரண லென்ஸ் 50 மில்லிமீட்டர். 50 மீட்டர் தள்ளி ஓடுகிற ஆறடி மனிதர் அதன் பிலிமில் 2 மில்லிமீட்டர் உயரம்கூட இருக்க மாட்டார். எறும்புதான்! 1935-ல் லைட்ஸ் தொழிற்சாலை 200 மில்லிமீட்டர் லென்சைக் கொண்டுவந்தது. அதில் அதே மனிதர் நாலு மடங்கு வளர்ந்தார்.

கருவி மட்டும் போதாது. காலரியில் இருந்து எடுப்பவருக்குப் பொறுமையும் வேண்டும். உயரம் தாண்டுபவன் மேலே போய்க் கீழே இறங்கத் திரும்பும் உச்சியில், ஒரு கணம் அந்தரத்தில் நிற்பது போல் இருப்பான். அந்தக் கணத்தில் அழுத்தினால் மெதுவான ஷட்டர்கூட அவனைப் பிடித்துவிடும். நேராக நம்மை நோக்கி ஓடி வருபவனைப் பிடிப்பது எளிது. குறுக்கே ஓடுபவனைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே, கெட்டிக்காரர்கள் மைதானத்தின் வளைவில் இடம் பார்த்து உட்காருவார்கள். தடை ஓட்டமானால் ஒரு தடையைக் குறித்து, தூரத்தை முன்னாலேயே அமைத்துவிட்டு, அங்கே ஆள் வரும் வரை காத்திருப்பார்கள். நிகழ்ச்சியைக் கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் அது போய்விட்டது என்று அர்த்தம். ஒரு கணம் முந்த வேண்டும். குத்துச்சண்டையில் எதிரியின் தோள் அசையும்போதே குத்து வருவதைக் கண்டுகொள்வதில்லையா? அது போலத்தான்.

பாட் நௌஹைம்

உலகம் லைக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அதைச் செய்தவரால் ஓட முடியவில்லை. இழுப்பு அவரை விடவில்லை. பணமும் புகழும் வந்த பிறகு ஊர் ஊராகச் சுற்றியவர் அல்ல அவர். வெட்ஸ்லரில் அதே பட்டறையில், காமிராவை இன்னும் எப்படித் திருத்தலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். 1935-ல் வந்த லைக்காவில் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்னைப் போல் இரட்டிப்பு. சம்பளத்துக்கு வேலை செய்த மேஸ்திரியாகவே அவர் கடைசி வரை இருந்தார் என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

வெட்ஸ்லருக்குச் சற்றுத் தூரத்தில் பாட் நௌஹைம் என்று ஓர் ஊர். ஊற்று நீரில் குளித்து நோய் தீர்த்துக்கொள்ள ஜனங்கள் போகும் இடம். பர்னாக் அங்கே இருந்தபோது 1936-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி உயிர் நீத்தார். வயது 56.

ஏழு மாதம் பொறுத்திருந்தால் அவர் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம்.

பெர்லினில் 1936 ஆகஸ்டு

ஆகஸ்டு 1-ந் தேதி பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. ஒரு லட்சம் பேர் உட்காரும் புது மைதானம். ஹிட்லர் ஆட்சி தன் பெருமையை உலகத்துக்குக் காட்டவே அந்தப் பந்தயத்தை நடத்தியது. அந்தப் பெருமையை நீக்ரோ இனத்தவரான அமெரிக்க வீரர் ஜெசி ஓவன்ஸ் நாலு தங்கப் பதக்கம் வென்று உடைத்தார்.

அந்தப் பந்தயத்தில் லைக்காவுடன் இருந்தவர்களில் ஒருவர் பால் வோல்ப். அல்சேஸ் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் படம் எடுப்பதே தொழிலாகிவிட்டது. 1926-ல் பிராங்க்பர்ட் கண்காட்சி ஒன்றில் அவருக்கு லைக்கா காமிரா பரிசாகக் கிடைத்தது. அன்று முதல் அவர் பெட்டிக் காமிராவை மறந்தார். பிலிமுக்கு வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும், கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கண்ட ரகசியம். அப்படிச் செய்தால், பர்னாக்கை ஒரு காலத்தில் மனம் ஒடியச் செய்த அந்த ரவைப் புள்ளிகள் அடங்கிவிடும். பெர்லினில் எடுத்த படங்களை அவர் அதே ஆண்டில் ஒரு புத்தகமாக வெளியிட்டார். ஒலிம்பிக்கில் தாம் கண்டது என்றே அதற்குப் பெயர். அதிகாரியின் பெயரல்ல, பத்திரிகையின் பெயரல்ல. ஒரு மனிதரின் கண் கண்டது.

அந்த ஆகஸ்டு 15-ந் தேதி, அதே பெர்லினில், தியான்சந்த் தலைமையில் இந்திய ஆக்கிக் கோஷ்டி ஜெர்மனியை 8-க்கு 1 என்று தோற்கடித்தது. இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சென்னை எம்.ஜே.கோபாலன் ஆக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிய வீரர். அந்த ஆண்டு அவர் ஒலிம்பிக் ஆக்கியை விட்டுவிட்டு, கிரிக்கெட் கோஷ்டியுடன் இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்ட் பந்தயத்தில்கூட அவரை ஆட விடவில்லை. பெர்லினுக்குப் போயிருந்தால் தங்கப் பதக்கத்தோடு, ஏதாவது ஒரு லைக்காவின் பிலிமிலும் விழுந்திருப்பார்!

கோடிக்குப் போன காமிரா

பர்னாக் பிலிமில் வகுத்த 24-க்கு 36 என்ற அளவு பிலிம் போன பிறகும் சாகவில்லை. இன்று பந்தயப் படக்காரர்கள் தூக்கிக்கொண்டு திரியும் உயர்ந்த டிஜிட்டல் காமிராக்களுக்குள் இருக்கும் தகடும் அதே அளவுதான். அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, 1979-ல், அவர் பெயரால் படக்காரர்களுக்குப் பரிசு ஏற்படுத்தினார்கள்.

சோதனைக்காகச் செய்த காமிராக்களில் 105-ம் எண் காமிராவைப் பர்னாக் தமக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் திருகிப் பார்த்து, குறை கண்டு, திருத்தித் திருத்திப் பழகினார். கண் வைத்துப் பார்க்கும் சிறு குழாயின் மேல் அவர் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், அவர் வேலை செய்த அதே வெட்ஸ்லர் ஊரில் அது ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. நம் கணக்கில் 100 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை உலகில் எந்தக் காமிராவும் அந்த விலைக்குப் போனதில்லை.